துறைமுக நகரில் கைதட்டல், ஊர்த்தெருவில் கட்டாயம்

சென்னையில் பறை இன்று மேடைக் கருவி. கல்லூரி விழாவில் அடிக்கிறார்கள், திருமண வரவேற்பில் அடிக்கிறார்கள், அரசு நடத்தும் கலை விழாவிலும் முதல் வரிசையில் நிற்கிறது. கணினி நிறுவனத்தில் வேலை செய்கிற இளைஞர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் கட்டணம் கட்டிக் கற்றுக்கொள்கிறார்கள். அதே கருவியை நம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஒருவர் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தால், எதிரே வருகிறவர் கேட்கும் முதல் கேள்வி, "யார் வீட்டுல சாவு?" என்பதுதான்.

ஒரே தோல், ஒரே வளையம், ஒரே அடி. ஊருக்கு ஊர் மதிப்பு மட்டும் மாறுகிறது. இந்த மாற்றம் எப்படி வந்தது, அதில் நமக்கு என்ன கிடைத்தது, என்ன இன்னும் கிடைக்கவில்லை என்று பார்க்க வேண்டுமானால் சென்னையின் வடக்குப் பகுதியிலிருந்து தொடங்க வேண்டும்.

துறைமுகம் சேர்த்த மக்கள்

சென்னைக்கு இயற்கைத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் கடலில் நிற்கும். மசூலா படகுகளில் மூட்டைகளை ஏற்றிக் கரைக்குக் கொண்டுவருவார்கள். 1875இல் துறைமுகக் கட்டுமானம் தொடங்கியது. 1881இல் அடித்த புயல் கட்டியதில் பெரும்பகுதியைச் சிதைத்தது. திரும்பக் கட்டினார்கள். அதே ஆண்டுகளில்தான் தாது வருடப் பஞ்சம் வந்தது. 1876 முதல் 1878 வரை நீடித்த அந்தப் பஞ்சத்தில் செங்கல்பட்டு, வட ஆற்காடு, தென் ஆற்காடு கிராமங்களிலிருந்து நிலமில்லாத கூலி மக்கள் பட்டணத்துக்கு நடந்தார்கள். பக்கிங்காம் கால்வாயின் நகரப் பகுதி பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டதுதான்.

வந்தவர்களுக்குத் துறைமுகத்தில் மூட்டை தூக்கும் வேலை, ரயில்வேயில் கூலி வேலை, பக்கிங்காம், கர்னாடிக் ஆலைகளில் வேலை. புளியந்தோப்பு, வியாசர்பாடி, பெரம்பூர், ராயபுரம், தண்டையார்பேட்டை என்று அவர்கள் குடியேறிய இடங்கள் வளர்ந்தன. ஊரில் இருந்த சேரிக்கும் பட்டணத்துச் சேரிக்கும் ஒரு வேறுபாடு இருந்தது: இங்கே மாதம் பிறந்தால் சம்பளம் உண்டு. ஆனால் சாதி ஊரிலேயே தங்கிவிடவில்லை. 1921இல் ஆலை வேலைநிறுத்தம் ஆறு மாதம் நீண்டபோது, தொழிலாளர்கள் சாதி வாரியாகப் பிளந்து, புளியந்தோப்பில் ஆதிதிராவிடர் குடிசைகள் எரிந்தன.

பிறகு வேலைகளும் போகத் தொடங்கின. 1983இல் சென்னைத் துறைமுகத்தில் சரக்குப் பெட்டக முனையம் திறக்கப்பட்டது. நூறு பேர் தூக்கியதை ஒரு பளுதூக்கி தூக்கியது. 1996இல் பி அண்டு சி ஆலை மூடப்பட்டது. 2001இல் எண்ணூரில் புதிய துறைமுகம் இயங்கத் தொடங்கியது. 2011இல் உயர் நீதிமன்ற உத்தரவை அடுத்து நிலக்கரியும் இரும்புத்தாதும் சென்னையிலிருந்து எண்ணூருக்கு இடம் மாறின. தூசியும் சாம்பலும் வடக்கே நகர்ந்தன, அவ்வளவுதான். 2021இல் மெட்ரோ ரயில் விம்கோ நகர் வரை வந்தது. ரயில் வந்த இடத்தில் நில மதிப்பு ஏறும். மதிப்பு ஏறிய இடத்தில் குடிசைக்காரர் எத்தனை நாள் இருக்க முடியும்?

சாவு வீட்டில் வளர்ந்த பாட்டு

இந்த மக்களின் பாட்டுதான் கானா. அதன் தோற்றம் குறித்துப் பல விளக்கங்கள் உண்டு. அது வளர்ந்த இடம் பற்றி யாருக்கும் சந்தேகம் இல்லை: சாவு வீடு. இறந்தவரைக் கிடத்தியிருக்கும் இரவில், பதினாறாம் நாள் காரியத்தில், வாசலில் பந்தல் போட்டு விடிய விடியப் பாடுவார்கள். செத்தவர் எப்படி வாழ்ந்தார், யாருக்கு உதவினார், எத்தனை பிள்ளை பெற்றார் என்று பாடகர் அங்கேயே கட்டிப் பாடுவார். தொடக்கத்தில் வாத்தியம் என்று தனியாக எதுவும் வேண்டியதில்லை. பானை, தகரம், தீப்பெட்டி, மேசைப் பலகை என்று கைக்குக் கிடைத்ததில் தாளம் எழும். பிறகு டோலக் வந்தது, புல்புல்தாரா வந்தது.

அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸும் ஒரு துறைமுக நகரம்தான். அங்கே கறுப்பின மக்கள் சவ ஊர்வலத்தில் குழலும் முரசும் வாசித்துச் செல்வார்கள். போகும்போது சோக ராகம், அடக்கம் முடிந்து திரும்பும்போது ஆட்டமும் பாட்டும். ஜாஸ் இசை வளர்ந்த வழிகளில் அதுவும் ஒன்று. சாவைக் கொட்டடித்து வழியனுப்பும் பழக்கம் உழைக்கும் மக்களுக்கு உலகெங்கும் இருக்கிறது. அங்கே அது உலகம் கொண்டாடும் இசையாக மாறியது. இங்கே "சாவுக்கூத்து" என்ற வசைச்சொல்லாக நின்றது.

சினிமா கானாவை 1990களிலேயே எடுத்துக்கொண்டது. இசையமைப்பாளர் தேவாவின் கானாப் பாடல்கள் தமிழ்நாடு முழுக்க ஒலித்தன. 2006இல் 'சித்திரம் பேசுதடி' படத்தின் வழியாகக் கானா உலகநாதனும், 2012இல் பா.ரஞ்சித்தின் 'அட்டகத்தி' வழியாகக் கானா பாலாவும் பெரும் புகழ் பெற்றார்கள். கானா பாலா புளியந்தோப்பைச் சேர்ந்தவர், சட்டம் படித்தவர். ஆனாலும் திரைக்கு வெளியே, "கானா பாடுகிறவன்" என்றால் ரவுடி, குடிகாரன் என்று பார்க்கும் கண் மாறவில்லை.

பெயரிலேயே ஓர் அரசியல்

2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் ஒரு பள்ளி மைதானத்தில் கூட்டம் நிரம்பி வழிந்தது. பா.ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' இசைக்குழுவின் முதல் மேடை அது. 19 பேர். கானா பாடகர்கள், ராப் பாடகர்கள், பறை, சட்டி, டோலக் அடிப்பவர்கள், கிட்டார் வாசிப்பவர்கள் ஒரே வரிசையில் நின்றார்கள். குழுவின் பெயருக்கு வேர் அயோத்திதாசப் பண்டிதரிடம் இருக்கிறது. ஒடுக்கப்பட்ட மக்கள் தங்களைச் "சாதிபேதமற்றவர்கள்" என்று பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று 19ஆம் நூற்றாண்டிலேயே சொன்னவர் அவர். 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழை அதே சென்னையில் தொடங்கியவர்.

குழுவின் பாடல்கள் இடஒதுக்கீட்டைப் பேசின, மாட்டிறைச்சியைப் பேசின, சாதிக் கொலைகளைப் பேசின. இடஒதுக்கீட்டில் படிக்கும் மாணவர் விடுதியில் கேட்கிற கிண்டலுக்கு வகுப்பறையில் பதில் சொல்ல வாய் வருவதில்லை. அந்தப் பதிலைத் தாளத்தோடு உரக்கச் சொன்னார்கள். மைதானத்தில் கூடியிருந்த ஆயிரக்கணக்கானோர் கேட்டார்கள்.

அந்தக் குழுவில் பாடிய பெண் ராயபுரத்தைச் சேர்ந்த இசைவாணி. கானா ஆண்களின் களம். பெண்களைக் கேலி செய்யும் பாட்டுகள் அதில் நிறைய உண்டு. அதை மறைத்துப் பயனில்லை. அந்தக் களத்தில் நின்று பெண்ணின் குரலில் பாடியதற்காக 2020இல் பிபிசி வெளியிட்ட உலகின் 100 பெண்கள் பட்டியலில் இசைவாணி இடம்பெற்றார். 2024 நவம்பரில், பல ஆண்டுகளுக்கு முன் பாடிய ஒரு பாடலைக் காட்டி அவருக்கு மிரட்டல்கள் வந்தன. பெண்களின் கோயில் நுழைவு பற்றிய பாடல் அது. புகழ் வந்த பிறகும் பாதுகாப்பு வந்துவிடுவதில்லை என்பதற்கு இது ஒரு சான்று.

மார்கழி யாருடையது?

மார்கழி என்றால் சென்னையில் கச்சேரி மாதம். 1928இல் தொடங்கிய மியூசிக் அகாடமி உள்ளிட்ட சபாக்களில் கர்நாடக இசை ஒலிக்கும். அந்த மாதத்திலேயே, 2020 டிசம்பரில், 'மார்கழியில் மக்களிசை' தொடங்கியது. கானா, ஒப்பாரி, பறை, நாட்டுப்புறப் பாடல், ராப் எல்லாம் அரங்கத்துக்குள் வந்தன. அடுத்த ஆண்டு மதுரைக்கும் கோவைக்கும் போனது. ஒப்பாரி பாடும் மூதாட்டி சபா மேடையில் ஒலிபெருக்கியின் முன் உட்கார்ந்தது பலருக்குப் புதிய காட்சி.

எதிர்ப்பக்கத்திலிருந்தும் சிலர் நடந்து வந்தார்கள். 2015இல் கர்நாடக இசைப் பாடகர் டி.எம்.கிருஷ்ணாவும் நண்பர்களும் பெசன்ட் நகரை ஒட்டிய ஊரூர் ஆல்காட் மீனவர் குப்பத்தில் விழா எடுத்தார்கள். பரதமும் பறையும் ஒரே மேடையில் நடந்தன. 2017 ஜனவரியில் கபேர் வாசுகி எழுதிய வரிகளை எண்ணூர்க் கழிமுகத்தில் நின்று கிருஷ்ணா பாடிய காணொளி வெளிவந்தது. அனல்மின் நிலையச் சாம்பல் படிந்த அந்த நிலத்தின் கதை, 'புறம்போக்கு' என்ற ஒரு சொல்லை வைத்துப் பேசப்பட்டது. எல்லோருக்கும் பொதுவான நிலத்தைக் குறித்த சொல் எப்படி வசவானது என்று அந்தப் பாடல் கேட்டது. நம் சொற்களுக்கும் அதே கதிதான்.

பாட்டு நம்முடையது, பெயர்?

மேடை கிடைத்தால் போதுமா? அரக்கோணம் பகுதியிலிருந்து வந்த அறிவின் கதை இதற்குப் பதில் சொல்கிறது. கேஸ்ட்லெஸ் கலெக்டிவில் எழுதிப் பாடியவர். 2019இல் 'தெருக்குரல்' இசைத்தொகுப்பை வெளியிட்டவர். 2021 மார்ச்சில் தீயுடன் அவர் பாடி, சந்தோஷ் நாராயணன் தயாரித்த 'என்ஜாய் எஞ்சாமி' உலகெங்கும் பரவியது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து, நிலமில்லாமல் திரும்பிய தன் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கையிலிருந்து அந்தப் பாடல் பிறந்ததாக அறிவு சொன்னார்.

அதே ஆண்டு ஆகஸ்டில் ஆங்கில இசை இதழ் ஒன்றின் அட்டையில் அறிவின் படம் இல்லை. பா.ரஞ்சித் வெளிப்படையாகக் கேள்வி எழுப்பினார். 2022 ஜூலையில் சென்னையில் நடந்த செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அந்தப் பாடல் பாடப்பட்டபோது மேடையில் அறிவு இல்லை. எழுதியது, மெட்டமைத்தது, பாடியது குறித்து அறிவு தன் தரப்பைச் சொன்னார். சந்தோஷ் நாராயணனும் தீயும் தங்கள் தரப்பைச் சொன்னார்கள். யார் பக்கம் எவ்வளவு நியாயம் என்பதை விட்டுவிடுவோம். கிராமத்திலிருந்து வரும் கலைஞருக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது: பாடுவதற்கு முன் எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும். வரி யாருடையது, மெட்டு யாருடையது, வருமானத்தில் பங்கு எவ்வளவு என்று தாளில் இருக்க வேண்டும். நம் பாட்டன்மார் நிலம் போனதும் தாள் இல்லாததால்தான்.

சுவரில் சித்திரம்

ஓவியத்திலும் இதே கேள்வி உண்டு. நகரத்தின் கால்வாய்க் கரைகளிலிருந்தும் சாலையோரங்களிலிருந்தும் அகற்றப்பட்ட குடும்பங்களை 2000ஆம் ஆண்டு முதல் கண்ணகி நகரில் குடியமர்த்தினார்கள். 2020 தொடக்கத்தில் அந்த அடுக்குமாடிகளின் சுவர்களில் ஓவியர்கள் பிரம்மாண்டமான வண்ணச் சித்திரங்கள் வரைந்தார்கள். 'கலை வட்டாரம்' என்று பெயர் சூட்டப்பட்டது. படம் பிடிக்க ஆட்கள் வந்தார்கள். சுவரில் தங்கள் முகத்தைப் பார்த்த குழந்தைகளுக்கு மகிழ்ச்சிதான். அதே நேரம், முகவரியில் கண்ணகி நகர் என்று எழுதினாலே வேலை தர மறுக்கிறார்கள் என்று அங்குள்ள இளைஞர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறார்கள். 2021 ஆகஸ்டில், கானாவின் தாய்வீடான புளியந்தோப்பில் புதிதாகக் கட்டிய கே.பி.பார்க் அடுக்குமாடியில் சுவர்ப்பூச்சு கை பட்டாலே உதிர்ந்தது. சுவர் உறுதியாக இருந்தால்தானே சித்திரம் நிற்கும்?

கேமராவை எடுத்தவர்களும் இருக்கிறார்கள். துப்புரவுத் தொழிலாளர்களின் வாழ்வையும் மலக்குழி மரணங்களையும் பல ஆண்டுகள் படமெடுத்த எம்.பழனிகுமார், தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் மீனவர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் புகைப்படக் கலை கற்றுத்தருகிறார். தன் தெருவைத் தானே படமெடுக்கும் பிள்ளை, வெளியிலிருந்து வருகிறவர் கண்ணுக்குப் படாததைப் பார்க்கிறது.

நம் மாவட்டத்தில் என்ன?

கலைக்குத் திருவண்ணாமலை புதிய ஊர் அல்ல. சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்த புகழ்பெற்ற ஓவியர் ஏ.பி.சந்தானராஜ் 1932இல் பிறந்தது இந்த ஊரில். தெருக்கூத்துக்கு உலக அளவில் பெயர் வாங்கித் தந்த புரிசை நம் மாவட்டத்தில்தான் இருக்கிறது. தமுஎகச இங்கே நடத்திய கலை இரவுகளில் விடிய விடிய மக்கள் உட்கார்ந்து பாட்டும் நாடகமும் பார்த்திருக்கிறார்கள். பறையும் சட்டியும் சேர்ந்த பெரிய மேளம் வட மாவட்டங்களின் சொத்து.

ஆனால் இந்த மண்ணில் மேளம் அடிக்கிற கைக்கும் சாமி கும்பிடுகிற கைக்கும் நடுவே கோடு இருக்கிறது. தண்டராம்பட்டு வட்டம் தென்முடியனூரில் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் பட்டியலின மக்கள் 2023 ஜனவரி 30 அன்றுதான், அதுவும் போலீஸ் பாதுகாப்போடு, நுழைய முடிந்தது. பல தலைமுறைகளாக அந்த வாசல் மூடியிருந்தது. கோயில் திருவிழாவில் வாசலுக்கு வெளியே நின்று மேளம் அடிக்கலாம், உள்ளே வந்து தீபாராதனை பார்க்கக் கூடாது என்கிற ஊர்களை இந்தப் பத்தியின் வாசகர்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

சின்ன மாற்றங்கள் நடந்துள்ளன. 2022 ஆகஸ்டில் தமிழக அரசின் தலைமைச் செயலாளர், ஊரில் தண்டோரா போடும் வழக்கத்தை நிறுத்தும்படி மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுதினார். அறிவிப்புகளை வண்டியில் ஒலிபெருக்கி கட்டிச் சொல்லலாம் என்றார். இன்னும் எங்காவது தண்டோரா போடச் சொன்னால், அந்தக் கடிதத்தை எடுத்துக்காட்டிப் புகார் கொடுக்க முடியும்.

விடுவதா, எடுப்பதா?

பறை விஷயத்தில் நம்மிடையே இரண்டு கருத்துகள் நெடுங்காலமாக இருக்கின்றன. ஒன்று, பறையை விட்டுவிட வேண்டும் என்பது. இழவு வீட்டில் அடிக்க மாட்டோம் என்று ஊர்கூடி முடிவெடுத்துப் பறையைக் கொளுத்திய சேரிகள் தமிழ்நாட்டில் உண்டு. அதற்காக அடி வாங்கியவர்களும் ஊர்விலக்கம் சுமந்தவர்களும் உண்டு. இன்னொன்று, பறையை உரிமையோடு கையில் எடுக்க வேண்டும் என்பது. மதுரையில் நடந்த தலித் கலை விழாக்களும், பெண்களையே பறையடிக்க வைத்த திண்டுக்கல் சக்தி கலைக்குழுவும் இந்த வழியில் வந்தவை. மதுரைப் பக்கத்துப் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது இந்த வழியின் ஒரு மைல்கல்.

இரண்டும் மோதுவதாகப் பலர் நினைக்கிறார்கள். இரண்டுக்கும் அடிப்படை ஒன்றுதான்: அடிப்பதா வேண்டாமா என்பதை அடிப்பவர் முடிவு செய்ய வேண்டும். கூலி பேசி, நேரம் பேசி, மரியாதையாக அழைத்து, வர இயலாது என்றால் விட்டுவிடும் இடத்தில் பறை ஒரு கலை. "உன் அப்பன் அடிச்சான், நீயும் அடி" என்று சொல்லும் இடத்தில் அது அடிமை வேலை. அரசியலமைப்பின் 23ஆவது பிரிவு கட்டாய உழைப்பைத் தடை செய்கிறது. பட்டியலினத்தவரைக் கட்டாய வேலைக்கு இழுப்பது 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றம். சென்னை மேடையில் கைதட்டுகிற நகரத்து நண்பர்கள் இதையும் பேச வேண்டும். பறையின் தாளம் மட்டும் இனிக்கிறது, பறையடிப்பவரின் தெருவுக்கு வர மனமில்லை என்றால் அந்தக் கைதட்டலுக்கு விலை குறைவு.

மாணவர்களுக்குச் சில வழிகள்

வரையும் கையுள்ள பிள்ளைகள் பிளஸ் டூ முடித்தபின் சென்னை எழும்பூர், கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரிகளில் நுண்கலை இளநிலைப் பட்டப்படிப்புக்கு விண்ணப்பிக்கலாம். சென்னைக் கல்லூரி 1850இல் தொடங்கிய பழைமையான நிறுவனம். சிற்பத்தில் ஆர்வம் இருந்தால் மாமல்லபுரம் அரசுக் கல்லூரி இருக்கிறது. இவற்றில் இடஒதுக்கீடு உண்டு. கட்டணமும் தனியார் கல்லூரி அளவுக்கு வராது. நம் பிள்ளைகள் பலருக்கு இப்படி ஒரு படிப்பு இருப்பதே தெரிவதில்லை.

மாவட்ட அரசு இசைப் பள்ளிகளில் குரலிசை, நாகசுரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் ஆகியவையே நெடுங்காலம் கற்பிக்கப்பட்டன. அந்தப் பட்டியலில் பறையும் பெரிய மேளமும் தவிலுக்கு நிகரான முழுநேரப் பாடமாக இடம்பெற வேண்டும். கற்பிக்கும் ஆசிரியர் சேரியிலிருந்தே வர வேண்டும். இது கிராம சபைத் தீர்மானமாகவும் மாணவர் கோரிக்கையாகவும் எழ வேண்டிய விஷயம்.

மேளம் அடிக்கும் அப்பா, அண்ணன் வீட்டில் இருந்தால் நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். பதிந்தவருக்கு அடையாள அட்டையும், பிள்ளைகளின் படிப்புக்கு உதவித்தொகையும் உண்டு. இளம் கலைஞர்கள் மாவட்டக் கலை மன்றம் வழங்கும் கலை இளமணி, கலை வளர்மணி விருதுகளுக்கு விண்ணப்பிக்கலாம். விண்ணப்பத்தை நிரப்பத் தெரிந்த மாணவர் ஒருவர் தெருவுக்கு இருந்தால் போதும்.

இன்னொரு வேலையும் இருக்கிறது. கையில் இருக்கும் கைபேசியில் உங்கள் தெருவின் பாட்டுகளைப் பதிவு செய்யுங்கள். வளையத்துக்கு எந்த மரம், தோலை எப்படிப் பதப்படுத்துவது, எவ்வளவு நேரம் தணலில் காட்டுவது, அடிக்குச்சி எதில், சிண்டுக்குச்சி எதில் என்று கேட்டு எழுதுங்கள். நடவுக்கு ஓர் அடி, சாமி புறப்பாட்டுக்கு ஓர் அடி, சாவுக்கு ஓர் அடி என்று தாளங்களுக்குப் பெயர் உண்டு. பாடியவர் பெயர், ஊர், தேதியைச் சேர்த்துக் குறித்து வையுங்கள். நாளை அந்தப் பாட்டு எந்த மேடைக்குப் போனாலும், யாருடையது என்று கேட்டால் காட்ட நம் கையில் ஒரு தாள் இருக்கும்.